மூணாம் தும்பியின் நிழல்

அந்த வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு நாற்காலி ஃபாக்டரித் தெருவின் மேல் தாழ்வாகப் பறந்து போன இரட்டை இறக்கை விமானம் அன்றைக்கே எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. அதன் நிழல் போகவில்லை. இறக்கைக்காரியின் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லில் தொடங்கி, மதில் ஏறி, பக்கத்து வீட்டுக் கடிகார ரிப்பேர்க்காரரின் கோழிக்கூண்டு வரைக்கும் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. வெயில் சாய்ந்த நேரம் என்பதால் நிழலும் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. மேல் இறக்கை, கீழ் இறக்கை, இரண்டையும் இழுத்துக் கட்டிய கம்பிகள், மூக்கில் விசிறி, கூரையில்லாத இரண்டு இருக்கைகள், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. மறுநாள் காலையில் சூரியன் எதிர்ப்பக்கம் வந்தது. நிழல் இடம் மாறவில்லை. அடுத்த வாரம் மூன்று நாள் மழை மேகம் மூடி ஊரில் உள்ள நிழலெல்லாம் காணாமல் போனபோதும் அது மட்டும் இருந்தது. கடிகாரக்காரரின் கோழிகள் நடுப்பகலிலேயே பொழுது சாய்ந்துவிட்டதாக நினைத்துக் கூண்டுக்குள் போய் முடங்கின. அவர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "தங்கச்சி, உன் வீட்டுக்காரர் வந்து எடுத்துக்கிட்டுப் போற வரைக்கும் கூண்டை அந்தப் பக்கம் வெச்சுக்கிறேன், ஒண்ணும் அவசரமில்ல" என்றார். பதினோரு நாளில் வந்துவிடுவார் என்று அவள் பதில் சொன்னாள்.

அந்த ஜாதி விமானத்தில் மொத்தமே மூன்றுதான் செய்தார்கள். பெரிய யுத்தத்துக்கு முன்னால் அந்த ஃபாக்டரியில் நாற்காலி செய்தார்கள். யுத்தத்தில் குண்டுப்பெட்டி செய்தார்கள். யுத்தம் முடிந்து பெட்டிக்கு வேலையில்லாமல் போனபோது, கையில் ஒரு வரைபடச் சுருளோடு இன்ஜினியர் வந்து சேர்ந்தார். நாற்காலிக்கு இழைத்த மரத்தை இறக்கைக்கு இழைத்தார்கள். மெத்தைக்கு உறை தைத்துக்கொண்டிருந்த பெண்களில் நல்ல கையாக ஆறு பேரைப் பொறுக்கி, மரச்சட்டத்தின் மேல் லினன் துணியை இழுத்துத் தைக்க வைத்தார்கள். அந்த ஆறு பேரில் முதல் கை அவள்; தெருவில் அவளுக்கு இறக்கைக்காரி என்ற பெயர் வந்தது அப்படித்தான். இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாக, ஒன்று அறுந்தாலும் அடுத்தது நிற்கிற மாதிரி. தைத்து முடித்தபின் அதன் மேல் டோப் என்ற மெருகைப் பூசுவார்கள்; துணி முரசுத் தோல் போல விறைத்துக்கொள்ளும். அந்த நெடி அவள் தலைமுடியை விட்டுக் கடைசிவரை போகவில்லை. விமானத்துக்குத் தாளில் ஏதோ நம்பர் இருந்தது. தெரு அதைத் தும்பி என்றுதான் சொன்னது. முதல் தும்பி நாலாம் நாள் ஏரிக்குள் இறங்கிவிட்டது. இரண்டாவது தும்பி, டோப் கொட்டகையில் தீப்பிடித்தபோது, வரைபடங்களோடு சேர்ந்து எரிந்தது. மிஞ்சியது மூணாம் தும்பி; அதன் இறக்கைத் துணி முழுவதும் அவள் ஒருத்தி தைத்தது. அதை ஓட்டிப் பார்க்க வந்த விமானி, இறக்கையில் ஒரு முடிச்சைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்ட கை எது?" என்று கேட்டான். கையைப் பார்த்தான், ஆளையும் பார்த்தான், அந்த வருடமே கல்யாணம் செய்துகொண்டான். இரண்டாம் வருடம், அயல்நாட்டுக் கண்காட்சியில் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனவன்தான்.

நிழலில் இரண்டு தலைகள் இருந்தன. பின் இருக்கையில் விமானியின் தலை. அது அவளுக்குத் தெரிந்த தலை. முன் இருக்கையில் உருண்டையாக இன்னொன்று. மூன்றாம் நாள் இன்ஜினியர் அளவு நாடாவோடு வந்தார். வரைபடம் எரிந்துபோனதிலிருந்து மனிதர் தூக்கமில்லாமல் இருந்தார். நிழலைப் பார்த்ததும் தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி முட்டி போட்டு உட்கார்ந்து அளக்க ஆரம்பித்தார். "முன்னால இருக்கிறது மணல் மூட்டைம்மா. கனம் சமமா இருக்கட்டும்னு நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார். அவருடைய மனைவி உடம்புக்கு முடியாமல் அண்ணன் வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போயிருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை; வாராவாரம் வந்து அளந்தார். ஒன்பதாம் நாள் காலையில் இறக்கைக்காரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மணல் மூட்டை இரண்டு கைகளையும் தூக்கிக் காற்றில் அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டது. பெரிய இடத்துக் கொண்டை. ஃபாக்டரி விழாவில் முதல் வரிசையில் பார்த்த கொண்டை. அவள் மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வந்தபோது அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தான் ஒருத்தி வெந்தது போதும் என்று முதலில் நினைத்தாள். பிறகு, இவ்வளவு படித்தவருக்கு மூட்டைக்கும் பெண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் நாம் என்ன செய்வது என்று நினைத்தாள். அப்புறம் நாட்கள் கூடிப்போய்ச் சொல்வதற்கான நேரம் தாண்டிவிட்டது.

பதினோரு நாள் பதினோரு மாதம் ஆயிற்று. கடிதமில்லை. ஆனால் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் தன் புருஷன் இந்த நிமிஷம் என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்திருக்காது. விசிறி சுற்றினால் பறக்கிறான், நின்றால் இறங்கிவிட்டான். குளிர் காலத்தில் நாற்பது நாள் விசிறி நின்றது. நாற்பது நாளும் அவள் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்துவதா வேண்டாமா என்று யோசித்தாள். நாற்பத்தோராம் நாள் இருக்கைக்குப் பின்னால் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு தும்பி மறுபடி கிளம்பியது. ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டு போகிறான், நமக்கு ஒரு வரி இல்லை என்று அவள் அன்றைக்குத்தான் அழுதாள். ஃபாக்டரி மறுபடி நாற்காலிக்கே திரும்பியிருந்தது. அவளும் மெத்தை உறைக்குத் திரும்பினாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் கொல்லைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

நிழல் விழுந்த மூன்றாம் வருடம் கீழ் இறக்கையின் ஓரத்தில் ஒரு கிழிசல் வந்தது. நிழலின் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு வெயில் கோடு. காலையில் ஒரு சாணாக இருந்தது மத்தியானம் ஒன்றரைச் சாணாயிற்று. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, இரண்டு தலைகளும் ஒன்றையும் அறியாமல் உட்கார்ந்திருந்தன. கிழியட்டும் என்று ஒரு மனம் சொன்னது. அவளுடைய கை கேட்கவில்லை. ஊசியையும் மெழுகு நூலையும் எடுத்துக்கொண்டு போய் மண்டி போட்டுக் குத்தினாள். ஊசி மண்ணில் இறங்கவில்லை. மெருகு பூசிய துணியில் இறங்குவது போல நறுக்கென்று இறங்கியது. விரலில் டோப் நெடி அடித்தது. பதினாலு முடிச்சில் வெயில் கோடு மூடிக்கொண்டது. மதிலுக்கு மேலிருந்து கடிகாரக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்குத் தங்கச்சி அவனுக்குப் போய் தைக்கிற?" என்றார். "அவருக்கு இல்லண்ணே. தையல் என்னுது" என்றாள். அதற்குப் பிறகு கிழிகிறபோதெல்லாம் தைத்தாள். தன்னை விட்டுப் போனவனும் அவனோடு போனவளும் கீழே விழாமல் இருக்க, ஒரு கொல்லையில் மண்டி போட்டு வருடக்கணக்கில் பழுது பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ஐந்தாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்ஜினியர் வால் பகுதியை அளந்துகொண்டிருந்தபோது, முன் இருக்கையிலிருந்து உருவம் எழுந்து, கம்பியைப் பிடித்து ஏறி, மேல் இறக்கையின் மேல் போய் நின்றது. இடுப்பில் கை வைத்து, பாவாடை காற்றில் படபடக்க, நன்றாக நிமிர்ந்து நின்றது. அயல்நாட்டுத் திருவிழாக்களில் அப்படி வித்தை காட்டுகிறவர்கள் உண்டு என்று பத்திரிகையில் வந்திருந்தது. இன்ஜினியர் கையிலிருந்த நாடா சுருண்டு கீழே விழுந்தது.

"அவளுக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும்மா" என்றார். நாடாவை எடுத்துச் சுற்றிக்கொண்டே, "உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

"ஒம்பதாம் நாள்லேர்ந்து, சார்."

"அஞ்சு வருஷமாவா?"

"நீங்க மூட்டைன்னு சொன்னீங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

அடுத்த ஞாயிறு அவர் நாடாவுக்குப் பதிலாகத் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலோடு வந்தார். அவள் தடுக்கவில்லை. "தாராளமா வெட்டுங்க சார். உங்க பொண்டாட்டி, உங்க விமானம். ஆனா அந்த இறக்கையில ஆயிரத்தி நானூறு முடிச்சு நான் போட்டது. தையல் விட்டுப் போய்தான் விழுந்தான்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது, நீங்கதான் வெட்டினீங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வெட்டுங்க" என்றாள். அவர் எழுதித் தராமலே வெட்டினார். அவர் கைக்கு அது வெறும் மண்ணாகவே இருந்தது. கத்தரியின் முனை கல்லில் பட்டு மழுங்கியதுதான் மிச்சம். தும்பியைக் கோடு கோடாக யோசித்தவர் அவர்தான் என்றாலும் ஒரு ஊசி ஏற்றியவர் இல்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனவர் வேறு ஊரில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது: இன்னும் நிற்கிறாளா? அந்த வாரம்தான் முன் இருக்கை காலியாகியிருந்தது. விழுந்ததாகத் தெரியவில்லை, ஒரு நாள் இறங்கினாள், மறுநாள் ஏறவில்லை, அவ்வளவுதான். இறக்கைக்காரி, "நிற்கிறார்கள், சுகம்" என்று பதில் எழுதினாள். அது இரக்கமா வஞ்சமா என்று அவளுக்கே தெரியவில்லை.

இதற்கிடையில் இன்னொருவர் வந்து சேர்ந்திருந்தார். ஆறாம் வருடம் வழக்கம் போல நிழலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தவள், மேல் இறக்கையின் இடது மூலையில் தன்னுடையதல்லாத ஒரு தையலைக் கண்டாள். விமானிக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. இது தொழில் தெரிந்த கை. முடிச்சு எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது, ஆகவே இடது கைக்காரன். இரண்டு விரல் இடைவெளி, தனித்தனி முடிச்சு, ஒரு இழை பிசகவில்லை. அங்கே எந்தக் கொட்டகையிலோ தும்பியின் துணியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டாள். அடுத்த கிழிசலை அவள் தைத்தாள். அதற்கடுத்ததை அவன் தைத்திருந்தான். கிழிந்த துணி தானாகத் தைத்துக்கொள்வதை அந்த மனிதனும் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு, ஊரைக் கூட்டாமல், அதுவும் தொழில் தெரிந்த ஒரு கைதான் என்று கண்டுகொண்டிருக்க வேண்டும். ஏனென்றால் ஏழாம் வருடத்திலிருந்து அவன் தையல் முடிகிற இடத்தில் தேவையில்லாத ஒரு முடிச்சு இருந்தது, எட்டு மாதிரி வளைந்த சின்ன முடிச்சு. எந்தப் பாரத்தையும் தாங்காத முடிச்சு. அவள் இரண்டு நாள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தானும் பக்கத்தில் அதே மாதிரி ஒன்று போட்டாள். அதன் பிறகு ஐந்து வருடம், கிழிசல் இல்லாத மாதங்களில்கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு முடிச்சு போட்டுக்கொண்டார்கள். அவனுக்கு வயது என்ன, கல்யாணமானவனா, என்ன பாஷை பேசுகிறவன் என்று எதுவும் அவளுக்குத் தெரியாது. உடம்பு சரியில்லாத நாளில் அவன் முடிச்சு தளர்ந்திருக்கும், அது தெரியும். சந்தையில் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்த கடிகாரக்காரரின் மனைவி, "இந்த வயசுல உனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டாள். "நூல் நல்லா வந்திருக்கு அண்ணி" என்றாள்.

பன்னிரண்டாம் வருடம் முன் இருக்கையில் ஒரு துப்பாக்கி முளைத்தது. கீழ் இறக்கைக்கு அடியில் வரிசையாக ஆறு குண்டுகள் தொங்கின. காலையில் விசிறி சுற்றும்போது ஆறு இருக்கும். அடுப்பு வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. எல்லைக்கு அப்பால் அந்த நாட்டுக்காரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்கிறார்கள் என்றும், பழைய இரட்டை இறக்கை விமானங்களைக்கூட விட்டுவைக்காமல் சண்டைக்கு இழுத்துவிட்டார்கள் என்றும் பத்திரிகை எழுதியது. கடிகாரக்காரர் மதில் மேல் பத்திரிகையை விரித்து வைத்து வாசிப்பார்: செவ்வாய்க்கிழமை ஒரு மார்க்கெட், வெள்ளிக்கிழமை தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்கள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தும்பி ஆறோடு போய் வெறும் இறக்கையோடு வந்ததை அவள் பார்த்திருந்தாள். ஒரே விமானம்தான் போடுகிறது என்று இல்லை, வேறு ஏதாவதாக இருக்கும் என்று கடிகாரக்காரர் ஆறுதல் சொன்னார். அவள் ஊசியைத் தொடுவதை நிறுத்தினாள். இறக்கையில் துப்பாக்கி ரவை துளைத்த பொட்டுகள் வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு துளி வெயில். மறுநாள் காலையில் எல்லாம் இடது கைத் தையலால் மூடியிருந்தன. அந்த எட்டு வடிவ முடிச்சைப் போடுவதை மட்டும் அவன் நிறுத்தியிருந்தான்.

மூன்று வாரம் பொறுத்தாள். ஒரு புதன்கிழமை, விசிறி நின்று, இருக்கைகள் காலியாக, தும்பி எங்கோ கொட்டகைக்குள் நிற்கிற நேரம் பார்த்து, ஃபாக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, சின்னக் கத்தரியோடு கொல்லையில் உட்கார்ந்தாள். பறக்கும்போது பிரித்தால் அவன் செத்துப்போவான். அது வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தாள். காலை ஏழு மணிக்கு முதல் முடிச்சை வெட்டினாள். ஆயிரத்து நானூறும் அவள் போட்டவை. ஒவ்வொன்றையும் எங்கே தொட்டால் விடும் என்று விரலுக்குத் தெரியும். வெட்டிய இடமெல்லாம் வெயில் உள்ளே வந்தது. மாலைக்குள் துணி முழுதும் கழன்று, இறக்கைகள் வெறும் மரவிலாக்களாக மண்ணில் கிடந்தன. இடது கைக்காரனின் தையல்களை மட்டும் அவள் தொடவில்லை. அவை அங்கங்கே சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, கை அகலத் துண்டுகளாக நின்றன. இன்னொரு தொழிலாளி கண் எரியப் போட்ட தையலை அவிழ்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு விசிறி சுற்றவேயில்லை.

இரண்டு வருடம் கழித்து, அந்தச் சண்டை ஒருவாறு ஓய்ந்தபின், விமானி பஸ்ஸில் வந்து இறங்கினான். இடது கால் இழுத்தது, முன்பல் இல்லை. அவள் வாசலில் நிற்க வைத்துப் பார்த்தாள், பிறகு வழி விட்டாள். அவன் சாப்பிட்டான். கொல்லைக்குப் போய் நிழலைப் பார்த்துவிட்டு, இதுவும் இங்கேதான் இருக்கிறதா என்பது போலத் தலையாட்டினான். இன்ஜினியர் மனைவி எங்கே என்று கேட்டதற்கு, "ஒரு ஊர்ல இறங்கிட்டா. தொப்பிக் கடை வெச்சிருக்கா" என்றான். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கேட்காமலே சொன்னான்.

"ஒரே நாள்ல மொத்தத் துணியும் உரிஞ்சு விழுந்துருச்சு. பாம்பு சட்டை கழட்டின மாதிரி. நான் பக்கத்துலதான் இருந்தேன், ஒருத்தரும் கிட்ட போகல. கேப்டன் வந்து பார்த்தான். துணி பார்க்கிற தையற்காரன் ஒருத்தன் இருந்தான், இடது கை. அவன் போட்ட தையல் மட்டும் அப்படியே நிக்குது, மத்ததெல்லாம் கத்தரியால வெட்டியிருக்கு. இவனத் தவிர யாருக்கு அவ்வளவு கச்சிதமா வெட்ட வரும்னு கேட்டான். சுவத்தோரம் நிறுத்திச் சுட்டுட்டாங்க."

அவள் நிழலில் மிஞ்சியிருந்த இடது கைத் தையலைப் பார்த்தாள். "அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"துணியை எடுத்துத் தடவிப் பார்த்தான். 'பிரிச்சது நல்ல கை'ன்னான். யாருன்னு கேட்டு அடிச்சாங்க. பேரு தெரியாதுன்னுட்டான். உனக்கு எதுக்கு இப்ப அது?"

"நான்தான் பிரிச்சேன்" என்றாள்.

விமானி சிரித்தான். பதினாலு வருடத்தில் அவன் அவள் வீட்டில் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் அவள் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன் என்று சொன்னாள். இன்ஸ்பெக்டர் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் அந்த ஊர்க்காரர்தான். நிழலை அவரும் பல தடவை பார்த்திருந்தார். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கத்தரி, எத்தனை முடிச்சு என்று வரிசையாகக் கேட்டார், ஏட்டு எழுதிக்கொண்டார். நிழலில் வெட்டினால் விமானத்தில் எப்படி அவிழும் என்று இருவரும் கேட்கவில்லை. இடது கைத் தையலை மட்டும் ஏன் விட்டாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "அது அவரோடது சார்" என்றாள். அந்த இடத்தில் மட்டும் ஏட்டு பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்துவிட்டு எழுதினார். எல்லாம் எழுதி முடிந்தபின் இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அம்மா, குற்றம் சரிதான். நடந்த இடம் நம்ம எல்லையில இல்ல. அந்த நாட்டுக்கு எழுதிப் போடறேன். அவங்க வந்து கூட்டிட்டுப் போனா உண்டு."

எழுதிப் போட்டார். அந்த நாட்டில் அப்போது மூன்று அரசாங்கங்கள் இருந்தன. மூன்றிலிருந்தும் பதில் வரவில்லை. சாட்சிப் பொருளைக் கைப்பற்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். நிழலைப் பெயர்த்து எடுக்க முடியாது என்பதால் சுற்றிக் கயிறு கட்டி, நாலு மூலையிலும் அரக்கு முத்திரை வைத்து, அவளுடைய பொறுப்பிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். விமானி ஒரு மாதம் முன்னறையில் படுத்திருந்தான்; பிறகு நாற்காலி ஃபாக்டரியில் வாட்ச்மேன் வேலையும் கேட் ஓரத்தில் ஒரு அறையும் கிடைத்து அங்கேயே போய்விட்டான். தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் ஒதுங்கிக்கொள்வார்கள். அடுத்த பெரிய யுத்தம் ஆரம்பித்தது. முழுக்க இரும்பாலான, ஒற்றை இறக்கை விமானங்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவின் மேலே போயின. அவற்றில் எதன் நிழலும் தங்கவில்லை.

அவள் கடைசிவரை சம்மனை எதிர்பார்த்தாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஏட்டு சைக்கிளில் வருவார். கயிற்றைச் சுற்றி ஒரு நடை நடந்து, அரக்கைப் பார்த்து, பதிவேட்டை நீட்டுவார். அவள் "பொருள் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவள் இறந்த மாதம் கடிகாரக்காரர் மதிலைத் தாண்டி வந்து அதே வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இப்போது அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் போடுகிறார்கள்.